அரைத்துவிட்ட கூம்பைத் தேடி அவிநாசி வரை

எங்கள் வீதியில் வெளிநாடு போய் வராத வீடு எங்களுடையது ஒன்றுதான். எதிர்வீட்டுக்காரர் சிங்கப்பூர் போய்வந்ததிலிருந்து அந்த ஊர் ரயிலைப் பற்றியே பேசுகிறார். பிள்ளைகளே, நானும் ஒரு பயணம் போனேன். துடியலூரில் கிளம்பி உக்கடம், அப்புறம் அவிநாசி, கடைசியில் பீளமேடு. எல்லாம் பஸ் போகிற தூரம்தான். எதிர்வீட்டுக்காரர் கேட்டால் சிரிப்பார். ஆனால் நான் தேடிப் போனது டைனோசர் காலத்து மரம் ஒன்றின் காயை. அதைத் தொலைத்தவனும் நானே. முதலில் தொலைத்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் பத்தாவது வரை படித்தவன். துடியலூரில் சின்னதாக ஒரு கிரைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப்செட்டுக்கு வேண்டிய இரும்பு வார்ப்புகள் ஃபவுண்டரியிலிருந்து கரடுமுரடாக வரும். அவற்றை நான் தேய்த்து மட்டமாக்கித் தருவேன். மகள் கீர்த்தனா பீளமேட்டில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. கல்லாகிப்போன செடிகளையும் மரங்களையும் படிக்கிறாள். இருக்கிற மரங்களைப் படித்தாலே போதாதா என்று ஒருமுறை கேட்டேன். இரண்டு நாள் பேசவில்லை.

உக்கடத்தில் சுவரில் பதிக்கிற அலங்காரக் கல் விற்கும் காதர் பாய் கடையில் அவள் ஒரு கல்லைக் கண்டெடுத்து வந்தாள். இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து விரித்த அளவு இருக்கும். மஞ்சள் நிறம். அதன்மேல் ஒரு சிறு கிளையின் அச்சு. பல்லி முதுகுச் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த இலைகள். கிளையின் நுனியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கூம்பு புடைத்துக்கொண்டிருந்தது.

நீங்கள் ஊட்டிக்குப் போகும்போது உயர உயரமாக ஊசியிலை மரங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த மரங்கள் மற்ற மரங்கள் மாதிரி பூத்துக் காய்ப்பதில்லை. கூம்புக்குள் செதில் செதிலாக விதையை வைத்திருக்கும். கல்லில் இருந்ததும் அந்தக் குடும்பத்து மரம்தான் என்றாள் கீர்த்தனா.

"இந்த மாதிரி எலை இருக்கற மரம் ஏற்கெனவே தெரிஞ்சதுதானுங்கப்பா. ஆனா இந்தக் கூம்பு வேற மாதிரி இருக்குது. எலையும் கூம்பும் ஒட்டிக்கிட்டு ஒரே கல்லுல இருக்கறதுதான் விசேஷம். தனித்தனியாக் கெடைச்சா எந்தக் கூம்பு எந்த மரத்தோடதுன்னு யாரு சொல்றது? இது புது மரமுங்கப்பா. இதுவரைக்கும் யாருமே பேரு வெக்காத மரம்."

அப்படிச் சொல்லும்போது அவள் முகம் எப்படி இருந்தது தெரியுமா? தீபாவளிக்கு முந்தின நாள் உங்கள் முகம் இருக்குமே, அப்படி இருந்தது.

ஒரே ஒரு தொல்லை. கல்லின் அடிப்பக்கம் மேடுபள்ளமாக இருந்ததால் மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்தால் ஆடியது. "அடிப்பக்கம் மட்டும் கொஞ்சம் மட்டம் பண்ணிக் குடுங்கப்பா" என்று பட்டறையில் வைத்துவிட்டு, அதைப் பத்திரமாக வைக்க ஒரு டப்பா வாங்கக் கடைக்குப் போனாள்.

இங்கேதான் என் தொழில் ஞானம் விளையாடியது. எங்கள் தொழிலில் ஒரு பக்கத்தை மட்டமாக்க வேண்டும் என்றால், எதிர்ப்பக்கம் முதலில் மட்டமாக இருந்தாக வேண்டும். ஆடுகிற முகத்தின்மேல் உட்கார வைத்துத் தேய்த்தால் தேய்ப்பதும் கோணலாகத்தான் போகும். அதனால் எந்த வார்ப்பு வந்தாலும் முதலில் ஒரு பக்கம் தோல் எடுப்போம், அதாவது மேலாகத் தேய்த்து மட்டமாக்குவோம். அப்புறம் அதைக் கவிழ்த்துப்போட்டு அடுத்த பக்கம். முப்பது வருடமாகக் கை பழகின வேலை. கல்லைக் கையில் எடுத்தேன். மேல்பக்கம் தோல் எடுத்தேன். கவிழ்த்தேன். அடிப்பக்கம் எடுத்தேன். நடுவில் யோசனை என்று ஒன்று வரவே இல்லை.

மேடுபள்ளம் இருந்தால் முள் ஆடிக் காட்டும் டயல் கேஜை வைத்துப் பார்த்தேன். முள் அசையவில்லை. எந்த மூலையில் வைத்தாலும் ஒரே தடிமன். இப்படி ஒரு வேலையை என் வாழ்நாளில் நாலைந்து தடவைதான் செய்திருப்பேன்.

கீர்த்தனா வந்தாள். கல்லைப் பார்த்தாள். "கூம்பு எங்கீங்கப்பா?" என்றாள்.

"எந்தக் கூம்பு கண்ணு?"

அவள் மெஷினுக்கு அடியில் இருந்த தட்டைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். தட்டில் மஞ்சள் தூள் இருந்தது. கிளை கொஞ்சம் பள்ளத்தில் இருந்ததால் தப்பித்துவிட்டது. கூம்பு புடைத்துக்கொண்டிருந்ததால் முதல் ஓட்டத்திலேயே போய்விட்டது.

"போட்டோ எடுத்து வெச்சிருக்கயல்ல சாமி?" என்று ஈனசுரத்தில் கேட்டேன்.

"போட்டோவுக்குப் பேரு வெக்க முடியாதுங்கப்பா. யாரு வந்து கேட்டாலும் எடுத்துக் காட்டறதுக்குக் கல்லு வேணும்."

அன்று அவள் சாப்பிடவில்லை. என் மனைவி எனக்கு மட்டும் தட்டு வைத்தாள். வைத்துவிட்டு, "அத்தனை காலமா மண்ணுக்குள்ள பத்திரமா இருந்துச்சு. ஒரு மத்தியானம் உங்க கையில குடுத்தோம். முடிஞ்சுது" என்றாள்.

காலையில் கீர்த்தனாவே வந்து பேசினாள். "ஏனுங்கப்பா, ஃபவுண்டரியில மோல்டிங் பெட்டி பார்த்திருக்கீங்கல்ல?"

பார்க்காமலா? மண் நிரப்பிய இரண்டு பெட்டிகள். மேல் பெட்டி ஒன்று, அடிப் பெட்டி ஒன்று. நடுவில் அச்சை வைத்து அமுக்கிப் பிரித்தால் பாதி உருவம் இதிலும் பாதி அதிலும் பதிந்திருக்கும்.

"கல்லும் அப்படித்தானுங்க. இது ஒரு பெட்டிதான். இதோட மேல ஒட்டிக்கிட்டிருந்த இன்னொரு பாதி எங்கயாவது இருக்கோணும். இதுல கூம்பு புடைப்பா இருந்துச்சுன்னா அதுல குழியா இருக்கும்."

உடனே வண்டிச் சாவியை எடுத்தேன். இப்படித்தான் என் சுற்றுப்பயணம் தொடங்கியது.

முதல் நாள்: உக்கடம்

எங்கள் ஆம்னி வேனுக்கு ஒரு குணம் உண்டு. சாவியைத் திருகினால் கிளம்பாது, தள்ளினால் கிளம்பும். அதனால் எங்கே போனாலும் சரிவு பார்த்துத்தான் நிறுத்துவேன். சிங்கப்பூரில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காதாம். எனக்கு இடம் கிடைக்கும், சரிவு கிடைக்காது. உக்கடத்தில் குளக்கரையோரம் ஒரு நல்ல சரிவு கிடைத்தது. அங்கே நிறுத்திவிட்டுப் பாய் கடைக்கு நடந்தோம்.

காதர் பாய் எங்களைக் கண்டதும் டீயும் வர்க்கியும் வரவழைத்தார். துடியலூர் வர்க்கியைக் கடித்தால் பல் முதலில் உடையும். இங்கே வர்க்கி வாயில் வைத்ததும் கரைந்தது. கவலையில் இருக்கும்போது இரண்டுதான் சாப்பிட வேண்டும் என்று நினைத்து நாலு சாப்பிட்டேன்.

கீர்த்தனா கல்லை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பாய் அதைத் தடவிப் பார்த்தார். அவர் கண் விரிந்தது.

"அடேயப்பா! யாருண்ணா இது ஃபினிஷிங் பண்ணுனது? கண்ணாடி கணக்கா இருக்குதே!"

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. "நான்தானுங்க பாய்" என்று சொல்லிவிட்டேன்.

"இதே மாதிரி ஒரு லோடு அடிச்சுத் தாரீங்களா? நல்லா ஓடுமுங்க."

கீர்த்தனா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் டீயைப் பார்த்தேன்.

விஷயத்தைச் சொன்னதும் பாய் நெற்றியைத் தேய்த்தார். அந்தக் கற்கள் பெரம்பலூர்ப் பக்கமிருந்து வந்தவை. பாளம் தடிமனாக இருந்ததால் கடையிலேயே உளி வைத்து இரண்டாகப் பிளந்தார்களாம். "ஒரு பாதியத்தான் பாப்பா எடுத்துட்டுப் போச்சு. இன்னொரு பாதி இங்க இருக்கோணும், இல்லாட்டி அவிநாசி லோடுல போயிருக்கோணும்."

மதியம் வரை கல் குவியலைப் புரட்டினோம். கல் அடுக்கிக்கொண்டிருந்த இரண்டு வடநாட்டு ஆட்கள் எங்களைப் பார்த்து இந்தியில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று கீர்த்தனாவைக் கேட்டேன். அவளுக்கு அப்போதுதான் முதல்முறையாக உதட்டில் சிரிப்பு வந்தது.

"'நம்மூர் கல்யாணத்துல எங்க சித்தப்பா இப்படித்தான் ஒத்தைச் செருப்பத் தேடுனாரு'ங்கறாருங்க ஒருத்தர். 'கெடைச்சுதா?'ன்னு கேக்கறாரு இன்னொருத்தர்."

"கெடைச்சுதாமா?"

"வெறுங்காலோடதான் ஊருக்குப் போனாராம்."

குவியலில் எங்கள் கல் இல்லை. பாய் அவிநாசிக்குப் போன் போட்டார். எதிர்முனையில் ஒரு பெண் குரல் கடை முழுக்கக் கேட்டது. "நாளைக்கு வரச்சொல்லுங்க பாய். மத்தியானச் சோறு நம்மூட்லதான்னு சொல்லிப்போடுங்க."

இரண்டாம் நாள்: அவிநாசி

போனில் பேசிய சரஸ்வதி அக்காவின் வீடு அவிநாசிக்கு வெளியே, சுற்றிலும் தென்னை மரங்கள் நிற்க, புதிதாகக் கட்டிய வீடு. முன்பக்கச் சுவர் முழுக்கப் பாய் கடைக் கல் பதித்திருந்தார்கள். ஊரே மேஜைப் பலகை மாதிரி சமதளம். சரிவு எங்கும் கிடைக்கவில்லை. வேனை வாசலில் நிறுத்தும்போதே, திரும்பும்போது தள்ள ஆள் கிடைக்குமா என்று அக்கம்பக்கம் பார்த்தேன்.

போன உடனே கல்லைக் கேட்டுவிடலாம் என்று நினைத்தால் நீங்கள் எங்கள் சீமைக்குப் புதுசு. முதலில் சொம்பில் தண்ணீர் வரும். அப்புறம் எந்த ஊர், யார் வகையறா, பொண்ணு எந்த ஊரில் கட்டியது என்று விசாரணை. விசாரணையில் எப்படியாவது ஒரு சொந்தம் கிளம்பும். எங்களுக்கும் கிளம்பியது. அக்காவின் நாத்தனாரும் என் மனைவியும் ஒரே பள்ளிக்கூடம். அதற்குமேல் சாப்பிடாமல் கிளம்பினால் சண்டைதான்.

"அக்கா, அந்தக் கல்லுங்க..." என்று கீர்த்தனா ஆரம்பித்தாள்.

"கல்லு எங்கயும் ஓடிப்போகாது அம்மணி. மொதல்ல சோத்துல கை வெய்யி."

வெள்ளை டைல்ஸ் பளபளக்கிற கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அரிசிம்பருப்புச் சாதம், நெய், கத்தரிக்காய்ப் பொரியல், கட்டித் தயிர். எங்கள் வீட்டிலும் அதே அரிசி, அதே பருப்புதான். ஆனால் அது ஏன் இப்படி வருவதில்லை என்று யோசித்தேன். இந்த வரியை என் மனைவி படிக்க மாட்டாள் என்று நம்புகிறேன்.

கீர்த்தனாவின் கண் மட்டும் ஜன்னல் வழியாக அந்தச் சுவர்மேல் இருந்தது. சாப்பிடுவதற்கு முன்பே ஒரு ஓட்டம் பார்த்துவிட்டோம். எங்கள் கல் கண்ணில் படவில்லை. அச்சுப் பக்கத்தை உள்ளே வைத்துச் சிமெண்டில் பூசியிருந்தால் கதை முடிந்தது. சுவரை உடைக்கச் சொல்லிக் கேட்க முடியுமா? அதுவும் நெய் ஊற்றின சோற்றைத் தின்றுவிட்டு?

"மிச்சமான கல்லெல்லாம் என்னங்க பண்ணுனீங்க?" என்று கேட்டேன்.

"ரோட்டுக் குழியில கொட்டிப்போட்டாங்க."

கீர்த்தனாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பின்கட்டில் வாஷிங் மெஷின் துணி பிழிய ஆரம்பித்தது. தடதடவென்று வீடே அதிர்ந்தது.

"இந்தச் சனியன் ஓயாது" என்று அக்கா தயிரை ஊற்றினார். "முந்தி குதிச்சுக் குதிச்சுக் கதவுகிட்டயே வந்துருமுங்க. இப்பத்தான் ஒரு கால் அடியில கல்லுக் குடுத்து வெச்சிருக்கறோம். அதுல குழியா ஒண்ணு இருந்துச்சா, காலு கச்சிதமா உக்காந்துக்குச்சு."

கீர்த்தனா எழுந்த வேகத்தில் தயிர்க் கிண்ணம் கவிழ்ந்தது. நானும் கையைக் கழுவாமல் ஓடினேன். பின்கட்டில் மெஷின் ஆடிக்கொண்டிருந்தது. அதன் முன்கால் ஒன்றின் அடியில் மஞ்சள் கல்.

"நிறுத்துங்கக்கா, நிறுத்துங்க!"

"நடுவுல நிறுத்துனா தண்ணி உள்ளயே நின்னுக்குமே கண்ணு!"

நான் பிளக்கைப் பிடுங்கினேன். சோற்றுக் கையோடு பிளக்கைப் பிடுங்காதீர்கள், பிள்ளைகளே. நான் பிடுங்கினேன், நீங்கள் செய்யாதீர்கள். மெஷினை நானும் அக்காவும் ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொள்ள, கீர்த்தனா தரையில் படுத்துக் கல்லை உருவினாள்.

குழி முழுக்கச் சோப்பு நுரை காய்ந்து வெள்ளையாக அப்பியிருந்தது. பக்கத்திலேயே பல்லிச் செதில் மாதிரி இலைகள் மங்கலாகத் தெரிந்தன. எங்கள் கல்லின் மறுபாதி! ஆனால் குழிக்குள் அச்சு மிச்சம் இருக்கிறதா, மெஷின் கால் எல்லாவற்றையும் தேய்த்துவிட்டதா என்று தெரியவில்லை. காலில் ரப்பர் இருந்தது. அந்த ரப்பரை நம்பித்தான் எங்கள் உயிர் ஓடிக்கொண்டிருந்தது.

"அட, இதுக்காகவா இத்தனை கூத்து? குடு சாமி, பிரஷ் போட்டு நல்லா தேச்சுக் கழுவித் தாரேன்" என்று அக்கா கையை நீட்டினார்.

"வேண்டாமுங்க!" என்று நானும் கீர்த்தனாவும் ஒரே குரலில் கத்தினோம். தோல் எடுத்த நாளுக்கு அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சியில் சேர்ந்தது அப்போதுதான்.

அக்கா கல்லைக் கொடுக்க யோசிக்கவே இல்லை. அவர் கவலையெல்லாம் மெஷினைப் பற்றித்தான். "இனி இது குதிக்குமேங்க?" மெஷின் ஆடாமல் நிற்க ஒரு இரும்புத் தட்டு அரைத்துக் கொண்டுவந்து தருவதாக வாக்குக் கொடுத்தேன். "நல்லா மட்டமா இருக்குமுங்களா?" என்று கேட்டார். "அதை மட்டும் நம்பி விடலாமுங்கக்கா" என்று கீர்த்தனா சொன்னாள். என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

பயந்தது மாதிரியே வேன் கிளம்பவில்லை. அக்காவின் வீட்டுக்காரரும் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும் வந்து மெயின் ரோடு வரை தள்ளினார்கள். அது இருமியதோடு சரி. அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறினோம். ஒரே கூட்டம். எனக்கு மட்டும் உட்கார இடம் கிடைத்தது. கல்லைத் துண்டில் சுற்றி மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டேன். என் மகள் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு அப்புறம் எதையும் நான் அப்படிப் பிடித்ததில்லை.

பக்கத்து சீட்டு அம்மா கொஞ்ச நேரம் என் மடியையே பார்த்துவிட்டு, "ஏனுங்க, பொறந்தநாள் கேக்குங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, மரம்."

அவர் ஜன்னல் பக்கம் நன்றாக ஒதுங்கி உட்கார்ந்துகொண்டார்.

மூன்றாம் நாள்: பீளமேடு

கீர்த்தனாவின் கல்லூரிக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. செருப்பை வெளியே விட வேண்டுமா என்று தெரியாமல் வாசலில் நின்றேன். பாடம் சொல்லித்தரும் மேடம், "அப்படியே வாங்க சார்" என்றார். என்னை யாரும் சார் என்று கூப்பிடுவதில்லை. பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

மேடம் மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வொரு சொட்டாகத் தண்ணீர் விட்டுச் சோப்பைக் கரைத்தார். ஒரு மணி நேரம் ஆனது. என் பட்டறையில் அந்த நேரத்தில் பத்து ஃபிளேஞ்ச் வளையம் தேய்த்து முடித்திருப்பேன். கீர்த்தனா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். சோப்பு போனது. குழி தெரிந்தது. குழிக்குள் ஏதாவது இருக்கிறதா என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. இருட்டாக இருந்தது.

அப்புறம் மேடம் திரவமாக இருந்த ஒரு ரப்பரைக் குழிக்குள் ஊற்றினார். அட, இது எங்கள் ஃபவுண்டரி வேலை அல்லவா! அச்சில் ஊற்றி ஆறவிட்டு எடுப்பது. இறுகட்டும் என்று காத்திருந்தோம். கேண்டீனில் டீ வாங்கிக் கொடுத்தார்கள். வர்க்கி இல்லை.

மேடம் ரப்பரை ஓரத்திலிருந்து மெதுவாக உரித்து எடுத்துக் கீர்த்தனாவின் உள்ளங்கையில் வைத்தார்.

கூம்பு!

நான் தூளாக்கிய அதே கூம்பு, முழுசாக, ரப்பரில். ஒரு ஓரத்தில் மட்டும் மெஷின் கால் கொஞ்சம் நசுக்கியிருந்தது. மற்றபடி செதில் செதிலாக எண்ணிவிடலாம் போல இருந்தது. ஒவ்வொரு செதிலின் நுனியும் மேல்நோக்கிக் கொக்கி மாதிரி வளைந்திருந்தது. அடியில் அது கிளையோடு ஒட்டியிருந்த காம்பும் தெளிவாக இருந்தது.

"இந்தக் கொக்கிதானுங்கப்பா" என்றாள் கீர்த்தனா. குரல் உடைந்திருந்தது. "இந்த எலை இருக்கற எந்த மரத்துக்கும் இப்படிக் கூம்பு கெடையாது."

எனக்கும் கண் கலங்கியது. ஆனால் ரப்பரின் ஓரத்தில் கொஞ்சம் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. வார்ப்பில் பிசிறு இருந்தால் எடுத்துவிட வேண்டும் அல்லவா? என் கை தானாகப் போனது.

"அப்பா, கைய எடுங்க."

எடுத்துவிட்டேன்.

அதற்கப்புறம் வேலை மெதுவாகத்தான் நடந்தது. மேடமும் கீர்த்தனாவும் அந்தக் கல்லை வெட்டியெடுத்த பள்ளத்துக்கு அனுமதி வாங்கிப் போய்ப் பார்த்தார்கள். வேறு ஊர்களில், வேறு நாடுகளில் கிடைத்த கல் மரங்களோடு செதில் செதிலாக ஒப்பிட்டார்கள். அதற்குள் நான் அவிநாசிக்கு இரும்புத் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து வேனையும் மீட்டு வந்தேன். மெஷின் இப்போது கோயில் தூண் மாதிரி நிற்கிறதாம்.

கடைசியில் அது புது மரம்தான் என்று வெளியூர் அறிஞர்களும் ஒப்புக்கொண்டார்கள். பெயரில் துடியலூர் எப்படியாவது வரும் என்று நான் ரகசியமாக ஆசைப்பட்டேன். கல் எடுத்த இடத்தின் பெயரைத்தான் வைத்தார்கள். அதுதான் நியாயம்.

கட்டுரை அச்சாகி வந்த அன்று கீர்த்தனா என்னைப் பட்டறையில் உட்காரவைத்து ஆங்கிலத்திலிருந்து தமிழில் ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். இலையைப் பற்றி, கூம்பைப் பற்றி, விதையைப் பற்றி. அப்புறம் கல்லின் இரண்டு பாதிகளைப் பற்றி ஒரு இடம் வந்தது.

"'முதல் பாதியின் மேற்பரப்பு இயந்திரத்தால் முற்றிலும் மட்டமாக்கப்பட்டுள்ளது.'"

"முற்றிலும்னே போட்டிருக்கறயா கண்ணு?"

"டயல் கேஜ் முள்ளு அசையலைன்னு நீங்கதானுங்கப்பா சொன்னீங்க."

இந்த உலகத்தில் யார் அந்த மரத்தைப் பற்றிப் படித்தாலும் அந்த வரியையும் படித்தாக வேண்டும். ஆனால் மட்டமாக்கியது யார் என்று என் மகள் எழுதவில்லை. மேடம் கேட்டும் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். அதனால்தான், பிள்ளைகளே, நானே இங்கே எழுதிவிட்டேன்.